ட்ரெய்லருக்கும் ட்ராக் காருக்கும் டயர் பிரஷர் மானிட்டர்: மாட்டுவது எப்படி, அலாரம் வைப்பது எப்படி

நான்கு சக்கர ட்ரெய்லரில் ஒரு டயர் காற்று இறங்கினால் இழுத்துப் போகிறவருக்குத் தெரியவே தெரியாது. பக்கத்து டயர் அந்தச் சுமையையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும், வண்டி ஒரு பக்கமாக இழுக்காது, ஸ்டியரிங்கில் எந்த மாற்றமும் இருக்காது. பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்ததால்தான் எனக்குத் தெரிந்தது. ஓரம் கட்டிப் பார்த்தால் பின் டயர் நார் நாராகக் கிழிந்து மட்கார்டையும் பிய்த்துவிட்டிருந்தது, முன் டயரோ கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது. அதற்கு அடுத்த வாரம் நான் வாங்கிய டிபிஎம்எஸ் (டயர் பிரஷர் மானிட்டர்) கிட்டைத்தான் இன்று ட்ரெய்லரிலும், அதன் மேல் ஏற்றிப் போய் ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் ட்ராக் காரிலும் பயன்படுத்துகிறேன். சரியாக அமைக்க ஒரு சீசன் ஆனது. உங்களுக்கு ஒரு சாயங்காலத்தில் முடிய வேண்டும் என்பதற்காகத்தான் இது.

காரில் கம்பெனியே கொடுத்த, டயரில் காற்று குறைந்தால் எரியும் விளக்கு இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்காவில் 2007 செப்டம்பரிலிருந்து புதிய இலகு வாகனங்களில் அது கட்டாயம், ஆனால் பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்த பிறகு விளக்கு எரிந்தாலே அந்த விதிக்குப் போதும். 32 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) இருக்க வேண்டிய டயர் 24க்கு வந்த பிறகு! ட்ராக்கில் 2 பிஎஸ்ஐ வித்தியாசமே கார் திரும்பும் விதத்தை மாற்றிவிடும். ட்ரெய்லர்களோ அந்த விதிக்குள்ளேயே வருவதில்லை.

எந்த வகை வாங்குவது

அழுத்தத்தை அளக்கும் சென்சார்களில் வால்வின் மேல் மூடி போலத் திருகுவது ஒன்று, ரிம்முக்கு உள்ளே வால்வோடு சேர்த்துப் பொருத்துவது இன்னொன்று. என் தேர்வு: ட்ரெய்லருக்கு மூடி வகை, ட்ராக் காருக்கு உள்ளே பொருத்தும் வகை. ட்ரெய்லரில் டயரைக் கழற்றாமலே மாட்டிவிடலாம், பேட்டரியையும் நாமே மாற்றலாம்.

ட்ராக் காரில் மூடி வகையை நான் ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு ஒரு கணக்கு. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகம், டயரின் ஆரம் 32 சென்டிமீட்டர், வால்வு இருப்பது மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் என்று வைத்துக்கொண்டால், வெறும் 10 கிராம் சென்சார் 6 கிலோவுக்கும் மேலான எடை போல வால்வை வெளிப்பக்கமாக இழுக்கும். ரப்பர் வால்வு அதில் வளையும், வளைந்து வளைந்து அடியில் விரிசல் விடும். இன்னொரு காரணம் வெப்பநிலை. மூடி வகை காட்டுவது ஓடும் காற்றில் குளிர்ந்துபோன வால்வின் சூட்டை, உள்ளே இருப்பது டயருக்குள் இருக்கும் காற்றின் சூட்டைக் காட்டும். இரண்டுமே டயரின் ஓடுபரப்பின் சூடு இல்லை, அதற்கு ரப்பருக்குள் குத்திப் பார்க்கும் ஊசி வெப்பமானி தனியாக வேண்டும்.

போன் ஆப்போடு மட்டும் வேலை செய்யும் ப்ளூடூத் கிட்டை ட்ரெய்லருக்கு வாங்காதீர்கள். கடைசி அச்சு வரை சிக்னல் எட்டுவதில்லை, போன் சூடானாலோ ஆப் பின்னணியில் நின்றுபோனாலோ அலாரமே வராது. தனி டிஸ்ப்ளே உள்ளது, 433 மெகாஹெர்ட்ஸ் அல்லது உங்கள் நாட்டில் அனுமதித்த அலைவரிசையில் வேலை செய்வது, அதுதான் நல்லது.

முதலில் வால்வு

ட்ரெய்லரில் ரப்பர் வால்வு இருந்தால் உலோக வால்வாக மாற்றிவிட்டு அப்புறம் சென்சாரைத் தொடுங்கள். பரவலாகப் போடப்படும் டிஆர் 413 ரப்பர் வால்வு 65 பிஎஸ்ஐ வரைதான் தாங்கும் என்பது அதன் அளவுகோல், 80 பிஎஸ்ஐ கேட்கும் ட்ரெய்லர் டயரில் சென்சார் இல்லாவிட்டாலும் அது இருக்கக் கூடாது. வால்வு அலுமினியம், சென்சாரின் மரை பித்தளை என்றால் ஈரத்தில் இரண்டும் பிடித்துக்கொள்ளும், கழற்றும்போது வால்வே முறியும். மரையில் துளி ஆன்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவிவிடுங்கள்.

மூடி சென்சார் வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசியை அமுக்கித்தான் அழுத்தத்தை அளக்கிறது. அதாவது மாட்டிய நொடியிலிருந்து காற்றைப் பிடித்து வைத்திருப்பது வால்வு இல்லை, சென்சாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையம்தான். எனவே திருகியதும் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் பாருங்கள். குமிழ் வந்தால் கழற்றித் துடைத்து மறுபடி கையால் திருகுங்கள், ஸ்பேனர் போட்டு இறுக்கினால் வளையம் நசுங்கிவிடும்.

ஜோடி சேர்ப்பது

சென்சாரை டிஸ்ப்ளேயோடு இணைப்பது எப்படி என்று கிட்டோடு வரும் தாளில் இருக்கிறது. நான் சொல்வது ஒன்றே ஒன்று: வீட்டில் வைத்தே செய்துவிடுங்கள், பேடக்கில் (ட்ராக்கில் வண்டிகள் நிறுத்தும் இடம்) பக்கத்து வண்டியின் சென்சார் உங்கள் டிஸ்ப்ளேயில் ஏறிக்கொள்ள வாய்ப்பு உண்டு. அப்புறம் ஒவ்வொரு சென்சாரிலும் எந்தச் சக்கரம் என்று பெயிண்ட் பேனாவால் எழுதுங்கள். டயரை இடம் மாற்றினால் எழுத்தையும் மாற்றுங்கள்.

அலாரம் வைப்பது: நான் மாட்டிக்கொண்ட இடம்

இதைப் பொறுமையாகப் படியுங்கள். என் கிட்டில் அந்த நேரத்து அழுத்தத்தையே அடிப்படையாக எடுத்துக்கொண்டு அதிலிருந்து மேல், கீழ் எல்லைகளை வைக்கும் வசதி இருக்கிறது. நான் அதை அழுத்தியது இரண்டு மணி நேரம் இழுத்துவிட்டு மதிய வெயிலில் நின்ற இடத்தில். டயர்கள் 73 காட்டின, அதுவே அடிப்படை ஆகிவிட்டது. மறுநாள் காலை குளிரில் நான்கும் 62, நான்கிலும் அலாரம். சென்சார் சொல்வது சரி என்று நம்பி 73 வரை காற்று அடித்தேன். குளிர்ந்த நிலையில் 65 என்று பக்கச்சுவரில் எழுதியிருந்த டயர்கள் அவை. அன்றைக்கு மத்தியானம் 80ஐத் தாண்டியபோதுதான் தவறு புரிந்தது.

டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறும், இதில் நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. 30 பிஎஸ்ஐ டயரில் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸுக்கும் சுமார் 1.5 பிஎஸ்ஐ, 65 பிஎஸ்ஐ டயரில் சுமார் 2.7. 20 டிகிரியில் 65 வைத்த டயர் 50 டிகிரியில் 73 காட்டும். அது நல்ல டயர், அப்படித்தான் காட்ட வேண்டும். பக்கச்சுவரில் எழுதியிருப்பது வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு, வெயில் படாமல் இருக்கும்போது அளக்க வேண்டிய அளவு.

பலர் இதற்கு நேரெதிரான தவறைச் செய்கிறார்கள். 73ஐப் பார்த்துப் பதறி, சூடாக இருக்கும்போதே 65க்கு இறக்கிவிடுகிறார்கள். அந்த டயர் மறுபடி 20 டிகிரிக்குக் குளிர்ந்தால் 57 அல்லது 58தான் இருக்கும். காற்று குறைந்த டயர் அதிகம் நசுங்கும், நசுங்கினால் சூடேறும், ட்ரெய்லர் டயர் வெடிப்பது பெரும்பாலும் அந்தச் சூட்டில்தான். ட்ரெய்லரில் சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது.

ஆகவே காலையில் நிழலில் காற்று சரிபார்த்து, அந்த எண்ணைக் கையால் அடிப்படையாகப் பதியுங்கள். கீழ் எல்லை 10 சதவீதம், 65க்கு 58 அல்லது 59. இரவு 5 டிகிரிக்குப் போனாலும் அந்த டயர் 61க்கு அருகில் நிற்கும் என்பதால் வீண் அலாரம் வராது. மேல் எல்லை 25 சதவீதம், அதாவது 81. வெப்பநிலை எல்லை 70 டிகிரி. ஆனால் எல்லையைவிட ஒப்பீட்டைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்: மூன்று டயர் 40 டிகிரி, ஒன்று மட்டும் 55 என்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். உடனே ஓரம் கட்டி ஹப்பைப் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் முழுவதும் வெயில் படும்போது அந்தப் பக்க டயர்கள் சேர்ந்து சில பிஎஸ்ஐ ஏறி நிற்பது மட்டும் சாதாரணம்.

ட்ராக்கில் எல்லாம் தலைகீழ்

ட்ரெய்லரில் குளிர்ந்த அளவு முக்கியம் என்றால் இங்கே சூடான அளவுதான் இலக்கு. என் டயருக்கு இலக்கு 34, உங்களுடையதற்கு டயர் தயாரிப்பாளர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் 20 டிகிரியில் 27 வைத்துக் கிளம்பினால் உள்காற்று 70 டிகிரியை எட்டும்போது 34 வந்துவிடும். கடிகாரச் சுற்றில் ஓடும் ட்ராக்கில் வலது வளைவுகளே அதிகம், இடது டயர்கள்தான் உழைக்கும், அவற்றை 1 அல்லது 2 பிஎஸ்ஐ குறைவாக வைத்துத் தொடங்குகிறேன்.

கையால் வைத்து அளக்கும் பிரஷர் கேஜைவிட இதன் பெரிய நன்மை, நான்கு டயரையும் ஒரே நேரத்தில் காட்டுவது. பிட்டுக்கு வந்து கேஜ் எடுத்து நான்காவது டயருக்குப் போவதற்குள் அது இறங்கத் தொடங்கியிருக்கும். அதனால் கடைசி வேகச் சுற்று முடிந்ததும் நேர்சாலையில் ஒரு பார்வை பார்த்து எண்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பதிவு செய்யும் வசதி உள்ள கிட் என்றால் அதுவும் தேவையில்லை. வளைவில் டிஸ்ப்ளேயைப் பார்க்காதீர்கள், சென்சார் அனுப்புவதும் உடனுக்குடன் இல்லை. ஒரு முறையாவது எல்லாம் குளிர்ந்திருக்கும்போது நல்ல கேஜோடு நான்கையும் ஒப்பிட்டு எந்தச் சென்சார் எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று எழுதி வையுங்கள், 1 பிஎஸ்ஐ வித்தியாசம் சாதாரணமாக இருக்கும்.

ட்ராக்கில் காற்றை இறக்கி இறக்கி ஓடிய டயர் சாயங்காலம் குளிர்ந்தால் 25க்கு வந்து நிற்கும். அதே காரை ரோட்டில் ஓட்டி வீடு திரும்புகிறவர்கள் கிளம்பும் முன் கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று அடித்தே ஆக வேண்டும்.

பின்சேர்க்கை

கருத்துகளில் மூன்று பேர் ஒரே பிரச்சினையைச் சொன்னார்கள்: ட்ரெய்லரில் ரிப்பீட்டர் (சென்சார் சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் கருவி) மாட்டியும் பகலில் கடைசி அச்சின் சிக்னல் வரவில்லை, இரவில் வருகிறது. ரிப்பீட்டருக்கு மின்சாரத்தை ட்ரெய்லரின் பார்க்கிங் விளக்கு ஒயரிலிருந்து எடுத்திருக்கிறார்கள், விளக்கு எரியாதபோது ரிப்பீட்டரும் ஓடாது. எப்போதும் 12 வோல்ட் வரும் ஒயரில் கொடுங்கள்.

இன்னொருவர் மலைக்குப் போனதும் எல்லாச் சென்சாரும் கேஜைவிட 2 பிஎஸ்ஐக்கு மேல் குறைவாகக் காட்டுவதாக எழுதினார். சென்சார் பழுதில்லை. பல சென்சார்கள் முழு அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து கடல்மட்டக் காற்றழுத்தத்தைக் கழித்துக் காட்டுகின்றன. 1500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமே சுமார் 2.4 பிஎஸ்ஐ குறைவு, அந்த வித்தியாசம்தான் அது. அங்கே கேஜை நம்புங்கள்.

பஞ்சர் அடைக்கும் திரவத்தை ஊற்றிய டயரில் சென்சார் துளை அடைந்துபோய் எண் அப்படியே உறைந்து நிற்கும், மாறாத எண்ணைக் கண்டால் சந்தேகப்படுங்கள்.

ட்ரெய்லர் ஸ்டெப்னிக்கும் ஒரு சென்சார் போடுங்கள். அதற்கு மட்டும் மூடி வகைதான். உள்ளே பொருத்தும் வகைகளில் பல, சக்கரம் சுழலாவிட்டால் பேட்டரியை மிச்சம் பிடிக்கத் தூங்கிவிடும்.