பாயும் எஞ்சினும் உள்ள படகுக்கு எந்தப் புரொப்பல்லர்? வீட்டிலேயே கணக்குப் போடும் முறை

கப்பலிலிருந்து கழற்றி விற்கும் பழைய உயிர்காப்புப் படகு ஒன்றை வாங்கி, அதில் பாய்மரமும் ஒரு சின்ன அறையும் வைத்து, காற்று இருந்தால் பாயிலும் இல்லாவிட்டால் எஞ்சினிலும் ஓடும் படகாக மாற்றுகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் புரொப்பல்லர் கேள்விக்கு வந்து நிற்பார்கள். மீன்பிடித் துறைமுகத்தில் கேட்டால் பதில் உடனே கிடைக்கும். "எத்தனை எச்பி? இருபதா? அப்ப பதினெட்டு இஞ்ச் போடுங்க." சொல்கிறவர் அவர் படகுக்குச் சரியாகத்தான் சொல்கிறார், அவருடைய கியரும் அவர் ஏற்றும் சுமையும் வேறு. எச்பியை மட்டும் வைத்து புரொப்பல்லர் சொல்ல முடியாது, ஷாஃப்ட், அதாவது புரொப்பல்லரைச் சுற்றும் தண்டு, எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் பாதிக் கணக்கு.

என்னுடையது 24 அடி ஃபைபர் உயிர்காப்புப் படகு. அதையே உதாரணமாக வைத்துக் கணக்குப் போடுகிறேன், உங்கள் எண்களை அந்தந்த இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். எக்ஸ்-இன்-அடுக்கு (xʸ) பட்டன் உள்ள போன் கால்குலேட்டர் போதும்.

முதலில் அளவெடுங்கள்

படகு தண்ணீரில் நிற்கும்போது, நீர் தொடும் முன்முனையிலிருந்து பின்முனை வரை உள்ள நீளம் வேண்டும். இதுதான் நீர்க்கோட்டு நீளம். தளத்தின் மேல் நாடாவைப் போட்டு அளக்காதீர்கள், இரண்டு முனையிலும் தூக்குக் குண்டு தொங்கவிட்டு அளந்தால் சரியாக வரும். எனக்கு 22 அடி.

அடுத்தது எடை. பாய், பாய்மரம், அடியில் போடும் பாரம், டேங்க் நிறையத் தண்ணீரும் டீசலும், ஏறும் ஆட்கள் எல்லாம் சேர்த்துச் சொல்லுங்கள். உயிர்காப்புப் படகு எடுத்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. இந்தப் படகுகள் முழு ஆட்களோடும் அமைதியான கடலில் 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் ஓட வேண்டும் என்பது சர்வதேச விதி. ஆளுக்கு 75 கிலோ என்று அந்த விதியில் ரொம்ப நாள் கணக்கு இருந்தது, பிறகு சரக்குக் கப்பல் படகுகளுக்கு 82.5 ஆக்கினார்கள். 40 பேர் படகு என்றால் ஆட்களே 3 டன். அந்த ஆட்கள் இனி வரப்போவதில்லை, அவர்கள் இடத்தில் நீங்கள் பாரமும் பாய்மரமும் ஏற்றுகிறீர்கள். அதனால் மொத்த எடை பெரும்பாலும் பழைய கணக்குக்குள்ளேயே அடங்கிவிடும். எனக்கு 4 டன் வந்தது.

எஞ்சின் தகட்டில் குதிரைத்திறனும், அது எத்தனை சுற்றில் என்பதும் இருக்கும். என்னுடையது 20 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 3000 சுற்று. கியர்பாக்ஸ் தகட்டில் விகிதம் இருக்கும். துருப்பிடித்துப் படிக்க முடியவில்லை என்றால் கவலை வேண்டாம். முன்கியர் போட்டு, டீகம்ப்ரஷன் லீவரை (எஞ்சினுக்குள் அழுத்தத்தை விடுவித்து, கையால் சுற்ற விடும் லீவர்) தூக்கிவிட்டு, எஞ்சின் புல்லியில் ஒரு சாக்பீஸ் கோடு, ஷாஃப்ட் கப்ளிங்கில் (கியர்பாக்ஸும் ஷாஃப்டும் சேரும் இணைப்பு) ஒரு கோடு போடுங்கள். எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றி, ஷாஃப்ட் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் புல்லி எத்தனை சுற்று போகிறது என்று எண்ணினால் அதுதான் விகிதம். கட்டாயம் முன்கியரில் பாருங்கள், சில பெட்டிகளில் பின்கியர் விகிதம் வேறு. எனக்கு 2-க்கு 1. அதாவது எஞ்சின் 3000 ஓடும்போது ஷாஃப்ட் 1500. இந்த 1500-ஐ ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனி வரும் எல்லாக் கணக்கிலும் அது வரும்.

கடைசியாக, புரொப்பல்லர் சுற்றும் இடம். ஷாஃப்ட்டின் நடுவிலிருந்து மேலே படகின் அடிப்பாகம் வரை ஒரு அளவு, கீழே சுக்கானைத் தாங்கும் கட்டை வரை ஒரு அளவு. இரண்டில் சிறியதை இரட்டிப்பாக்குங்கள். எனக்கு 18 அங்குலம்.

படகு எவ்வளவு வேகம் போகும்?

இதுபோல் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு ஒரு எல்லை உண்டு. நீர்க்கோட்டு நீளத்தின் (அடியில்) வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குங்கள். 22-இன் வர்க்கமூலம் 4.69, பெருக்கினால் சுமார் 6.3 நாட். அதற்கு மேல் எஞ்சினைப் பெரிதாக்கினாலும் பின்னால் பள்ளம் விழுந்து அலைதான் பெரிதாகும். நான் 6 நாட்டை வைத்துக் கணக்குப் போட்டேன். டன்னுக்கு 4 அல்லது 5 குதிரைத்திறன் இருந்தால் எதிர்காற்றையும் சேர்த்துச் சமாளிக்கலாம், 4 டன்னுக்கு 20 போதும்.

விட்டம்

மூன்று இறக்கை உள்ள சாதாரண புரொப்பல்லருக்கு நடைமுறையில் இருக்கும் சூத்திரம் இது: குதிரைத்திறனின் 0.2 அடுக்கை 632.7-ஆல் பெருக்கி, ஷாஃப்ட் சுற்றின் 0.6 அடுக்கால் வகுக்க வேண்டும். விடை அங்குலத்தில் வரும்.

கியரிலும் பேரிங்கிலும் கொஞ்சம் போய்விடும் என்பதால் 20-க்குப் பதில் 19 போடுகிறேன். 19-இன் 0.2 அடுக்கு 1.80. 1500-இன் 0.6 அடுக்கு 80.5. விடை 14.2, அதாவது 14 அங்குலம்.

இதே எஞ்சினுக்கு 3-க்கு 1 கியர் இருந்தால் ஷாஃப்ட் 1000 சுற்றுதான். அப்போது விடை 18 அங்குலம். துறைமுகத்தில் சொன்ன அதே பதினெட்டு! பெரிய புரொப்பல்லர் மெதுவாகச் சுற்றுவதுதான் உண்மையில் நல்லது, கனமான படகை அதுதான் வீணாக்காமல் தள்ளும். ஆனால் இறக்கை நுனிக்கும் படகுக்கும் நடுவே விட்டத்தில் 10 முதல் 15 சதவீதம் இடைவெளி வேண்டும். குறைந்தால் ஒவ்வொரு இறக்கையும் அடிப்பாகத்தைக் கடக்கும்போது படகு முழுக்க டகடகவென்று அதிரும். என் 18 அங்குல இடத்தில் 14 போட்டால் மேலும் கீழும் இரண்டிரண்டு அங்குலம் கிடைக்கிறது, 14 சதவீதம், சரி. பதினெட்டு அங்குலப் புரொப்பல்லர் சுற்றவே இடமில்லை. கியர்பாக்ஸ் இன்னும் வாங்காதவர்கள் இந்த இடத்திலேயே நின்று யோசியுங்கள்: இடம் இருந்தால் மெதுவான ஷாஃப்டும் பெரிய விட்டமும் எடுங்கள்.

பிட்ச்

மரத்தில் ஒரு திருகாணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு உள்ளே இறங்குகிறதோ அதுதான் பிட்ச். தண்ணீர் மரம் இல்லை, பின்னால் நழுவும். 6 நாட் போகும் கனமான படகில் பாதிக்குப் பாதி நழுவல் என்று வைத்துக்கொள்வது சரியாக இருக்கும். ஆகவே 6 நாட் கிடைக்க, நழுவல் இல்லாத கணக்கில் 12 நாட்டுக்குப் பிட்ச் வேண்டும். ஒரு நாட் என்பது நிமிடத்துக்கு 1215 அங்குலம், ஆகவே 12-ஐ 1215-ஆல் பெருக்கி 1500-ஆல் வகுத்தால் 9.7. கடையில் கிடைப்பது 10.

ஆக, எனக்கு 14×10. முதலில் வருவது விட்டம், அடுத்தது பிட்ச், புரொப்பல்லரின் குடத்திலும் (இறக்கைகள் சேரும் நடுப்பகுதி) இந்த வரிசையில்தான் பொறித்திருப்பார்கள்.

பாய் விரித்தால் என்ன ஆகும்?

வெறும் எஞ்சின் படகுக்கு இதோடு வேலை முடிந்தது. நமக்கு முடியவில்லை. பாயில் போகும்போது பின்னால் தொங்கும் மூன்று இறக்கையும் படகைப் பிடித்து இழுக்கும், மெல்லிய காற்றில் இது நன்றாகவே தெரியும். உயிர்காப்புப் படகில் தண்ணீரில் இருப்பவர்களுக்கு அடிபடாமல் இருக்க புரொப்பல்லரைச் சுற்றி ஒரு வளையமோ கம்பியோ வைத்திருப்பார்கள், அதுவும் சேர்ந்து இழுக்கும்.

செலவில்லாத வழி இரண்டு இறக்கை. அதே சக்திக்கு விட்டத்தை 5 சதவீதம் கூட்ட வேண்டும், பிட்ச் ஏறக்குறைய அப்படியே. எனக்கு 15×10. இடைவெளி ஒன்றரை அங்குலமாகி 10 சதவீதத்தில் நிற்கும், அதற்குக் கீழே நான் போக மாட்டேன். புரொப்பல்லருக்கு முன்னால் தடிமனான கட்டை இருந்தால் இரண்டு இறக்கையையும் செங்குத்தாக நிறுத்தி அதன் மறைவில் ஒளித்துவிடலாம். படகு கரையில் இருக்கும்போதே இறக்கைகள் நேராக நிற்கும் நிலையில் உள்ளே கப்ளிங்கின் மேல் ஒரு வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டு வைத்தால், கடலில் தரைப்பலகையைத் தூக்கி, கப்ளிங்கைச் சுற்றிக் கோட்டை மேலே கொண்டுவந்தால் போதும். எஞ்சினில் போகும்போது மட்டும் மூன்று இறக்கையைவிட அதிர்வு கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

மடங்கும் புரொப்பல்லரும், இறக்கைகள் நீரோட்டத்துக்கு நேராகத் திரும்பிக்கொள்ளும் புரொப்பல்லரும் பாய்க்கு அருமையானவை. விலை பல மடங்கு. நார்வேயின் பெர்கனில் செய்த பழைய சாப் (Sabb) எஞ்சின் சில உயிர்காப்புப் படகுகளில் உண்டு. உங்கள் படகில் உள்ளிருந்தே பிட்ச் மாற்றும் புரொப்பல்லரோடு அந்த எஞ்சின் இருந்தால் தயவுசெய்து கழற்றி எறியாதீர்கள். நமக்கு வேண்டியதே அதுதான்.

நான் மூன்று இறக்கையோடு இருக்கிறேன். என் பக்கத்துக் கடலில் எதிர்காற்றில் துறைமுகம் திரும்ப வேண்டிய நாட்கள் அதிகம், அப்போது எஞ்சின் தள்ளுவதுதான் முக்கியம். நீண்ட தூரம் பாயில் போகிறவர்கள் இரண்டு இறக்கை எடுக்கலாம். பாயில் போகும்போது நிலையான இறக்கை சும்மா சுற்றட்டும் என்று விட்டால் பூட்டி வைப்பதைவிடப் பொதுவாக இழுவை குறையும். ஆனால் எஞ்சின் ஓடினால்தான் உள்ளே எண்ணெய் போகும் கியர்பாக்ஸ்களும் இருக்கின்றன, கையேட்டில் இதற்கென்று ஒரு வரி இருக்கும், படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வலமா இடமா

முன்கியரில் ஷாஃப்டைப் பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றினால் வலது புரொப்பல்லர். கடையில் தெரிந்துகொள்ள அதைத் தரையில் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு சாதாரண போல்ட்டை நிமிர்த்திப் பிடியுங்கள். போல்ட்டின் மரை வலப்பக்கம் ஏறும். உங்களுக்கு நேரே உள்ள இறக்கையும் அப்படியே வலப்பக்கம் ஏறினால் அது வலது.

பழையது வாங்கினால்

இங்கேதான் நான் ஒரு வாரத்தை இழந்தேன். குடத்தில் 14×10 என்று தெளிவாகப் பொறித்திருந்த ஒரு வெண்கலப் புரொப்பல்லரை நல்ல விலைக்கு வாங்கி மாட்டினேன். முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தும் எஞ்சின் 2620 சுற்றைத் தாண்டவில்லை, பின்னால் கரும்புகை. டீசல் ஃபில்டர், இன்ஜெக்டர், ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தேன். குற்றம் எஞ்சினில் இல்லை. யாரோ முன்பே இறக்கையைத் திருகிப் பிட்ச்சை மாற்றியிருக்கிறார்கள், பொறித்த எண் மட்டும் பழையபடியே இருந்திருக்கிறது.

அளக்க ஐந்து நிமிடம் போதும். புரொப்பல்லரைச் சமமான மேசையில் படுக்க வைத்து, நடுவிலிருந்து நுனி வரை உள்ள தூரத்தில் 70 சதவீதத்தில் ஒரு கோடு போடுங்கள். 14 அங்குலத்துக்கு அது 4.9 அங்குலம். அந்தக் கோட்டில் இறக்கையின் இரண்டு விளிம்பும் மேசையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மட்டத்தால் எடுங்கள், படகின் பின்பக்கம் பார்க்கும் தட்டையான முகத்தில்தான் அளக்க வேண்டும். எனக்குப் படுக்கைவாட்டில் 100 மில்லிமீட்டருக்கு உயர வித்தியாசம் 39. அந்த இடத்தில் வட்டத்தின் சுற்றளவு 30.8 அங்குலம். 0.39-ஐ 30.8-ஆல் பெருக்கினால் 12. என் 10 உண்மையில் 12! எல்லா இறக்கையிலும் அளந்து பாருங்கள், ஒன்றுக்கொன்று மாறினால் அதிரும்.

உலோகத்தையும் பாருங்கள். அரத்தால் லேசாகச் சுரண்டினால் பொன்மஞ்சள் தெரிய வேண்டும். செம்பு மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் துத்தநாகம் கரைந்து போய்விட்டது, அந்த இறக்கை ஒருநாள் ஒடியும். தட்டினால் மணி மாதிரி கேட்க வேண்டும்.

மாட்டுவது

ஷாஃப்ட் முனையின் சரிவு 1-க்கு 10, 1-க்கு 12, 1-க்கு 16 என்று பல வகை, குடத்தின் துளை அதேதானா என்று உறுதிசெய்யுங்கள். முதலில் சாவி (குடமும் ஷாஃப்டும் சேர்ந்து சுற்ற இரண்டுக்கும் நடுவே காடியில் செருகும் உலோகத் துண்டு) போடாமல் குடத்தை இறுகத் தள்ளி, அது நிற்கும் இடத்தில் ஷாஃப்டில் பென்சில் கோடு. பிறகு சாவியைப் போட்டு மறுபடி தள்ளினால் அதே கோட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் குடம் சரிவில் உட்காரவில்லை, சாவியின் மேல் ஏறி நிற்கிறது; சாவியின் தலையைக் கொஞ்சம் அரம் போடுங்கள்.

சோதனை ஓட்டம்

அடிப்பாகம் சுத்தம், டேங்க் நிறைவு, பாய் இறக்கியது, ஆழமான தண்ணீர். டேஷ்போர்டு மீட்டரை நம்பாமல் புல்லியில் பிரதிபலிக்கும் டேப் ஒட்டி லேசர் டேகோமீட்டரால் பாருங்கள். எஞ்சின் சூடானதும் முழு ஆக்சிலரேட்டர், சுற்று நிலைத்து நிற்கும் வரை ஓட்டி, தகட்டில் உள்ள எண்ணைத் தொடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வேகம் பார்க்க நீரோட்டத்தோடு ஒரு தடவை, எதிர்த்து ஒரு தடவை, இரண்டின் சராசரி.

சுற்று ஏறவில்லை, புகை கருப்பு என்றால் பிட்ச் அதிகம். ஆக்சிலரேட்டர் பாதியிலேயே முழுச் சுற்று வந்துவிட்டது, படகு மட்டும் மெதுவாகப் போகிறது என்றால் குறைவு. ஒரு அங்குலப் பிட்ச்சுக்கு எஞ்சினில் சுமார் 150 முதல் 200 சுற்று மாறும். எனக்கு 380 சுற்று குறைந்தது, இரண்டு அங்குலம் குறைக்க வேண்டும் என்று கணக்கு அதுவே சொல்லிவிட்டது. ஒன்றிரண்டு அங்குலத்தை நல்ல பட்டறையில் திருகித் தருவார்கள், புதிதாக வாங்க வேண்டியதில்லை. திருகிய பிறகு 2980 வந்தது, புகை இல்லை, வேகம் 6 நாட்டுக்குச் சற்றுக் கீழே.

பாயும் சேர்ந்து இழுக்கும்போது எஞ்சினுக்குச் சுமை குறையும்தானே, பிட்ச் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எஞ்சின் முழுதாகத் தேவைப்படும் நாளில் பாய் இறங்கியிருக்கும், காற்று நேர் எதிரே இருக்கும், படகு 3 நாட்டில் தவழும். அப்போது சுமை இன்னும் கூடும், ஏற்கெனவே திணறும் எஞ்சினுக்கு மிச்சம் எதுவும் இருக்காது.

முதல் பத்து மணி நேரம் ஓடிய பிறகு படகைத் தூக்கி, நட்டையும் ஸ்ப்ளிட் பின்னையும் பாருங்கள். மற்ற உலோகம் அரிக்காமல் இருக்க ஷாஃப்டில் போட்ட ஜிங்க் கட்டி பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிட்டு இறக்குங்கள்.