டர்பன் – சென்னை: கிலோமீட்டரை வகுத்தால் நேரம் வராது

சென்னைக்குக் கிளம்புமுன் மாமா இணையத்தில் தூரம் பார்த்தார். நாங்கள் இருக்கும் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஏறத்தாழ 7,080 கிலோமீட்டர். விமானம் மணிக்கு 900 போகும், அப்போ 8 மணி நேரம். மாலை 7 மணிக்கு ஏறினால் விடியற்காலை 3. இந்தியா 3 மணி நேரம் முன்னே, ஆக காலை 6. மீனம்பாக்கத்துக்கு வந்துவிடு என்று அத்தை மகனுக்குத் தகவலும் போனது. பாவம், பையன் 6 மணிக்கே போய் நின்றான். மாமா இறங்கியது பிற்பகல் 3 மணிக்கு.

மாமா கணக்குத் தெரியாதவர் இல்லை, முப்பது வருஷம் கடை நடத்தியவர். அந்த 7,080தான் அவரைக் கவிழ்த்தது. பூமி உருண்டையின் மேல் இரண்டு ஊருக்கும் கயிறு கட்டினால் வரும் நீளம் அது. அந்தக் கயிற்றோடு போகிற நேரடி விமானம் இல்லை. துபாய் வழியாகப் போனால் முதலில் சுமார் 6,630, பிறகு 2,930, மொத்தம் 9,560 கிலோமீட்டர். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வழி. ஆகவே தூரம் பார்ப்பதானால் ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

900 என்பதும் நடுவானத்து வேகம்தான். ஏற, இறங்க, ஓடுபாதையில் ஊர்ந்து வரிசையில் நிற்க என்று நேரம் போகும். துபாய்க்கு எட்டரை மணி, அங்கே 4 மணி காத்திருப்பு, சென்னைக்கு இன்னொரு 4 மணி என்று வைத்தால் பதினாறரை மணி நேரம். (1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் டர்பனுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகள் ஒரு மாதத்துக்கு மேல் கடலில் கிடந்தார்கள். நாம் புலம்பக் கூடாதுதான்.)

அப்புறம் அந்த அரை மணி. இந்தியா தென்னாப்பிரிக்காவுக்கு மூன்றரை மணி நேரம் முன்னே. மாமா அரையை விட்டுவிட்டார். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். போகும்போது கடிகாரம் 20 மணி நேரம் காட்டும், அதே பயணம் திரும்பும்போது 13 மணி நேரமாகத் தெரியும். இரண்டுமே பதினாறரைதான்! இறங்கும் தேதி மறுநாளா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஜோஹானஸ்பர்க் வழியாகத் தனித்தனி டிக்கெட் எடுப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. டர்பனிலிருந்து மலிவாகக் கிடைக்கும் சில விமானங்கள் ஜோஹானஸ்பர்க்கின் இன்னொரு விமான நிலையமான லான்சீரியாவில் இறங்கும். வெளிநாட்டு விமானமோ பெரிய விமான நிலையமான ஓ.ஆர். தாம்போவில். நடுவே நகரத்தைக் கடந்து பெட்டியோடு சாலையில் ஓட வேண்டும்.

வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தையும் சேருங்கள். டர்பனின் பழைய விமான நிலையம், நகரின் தெற்கே உள்ள சாட்ஸ்வொர்த்காரர்களுக்குப் பக்கம். 2010இல் அதை மூடிவிட்டு, வடக்கே லா மெர்சியில் கிங் ஷாகா விமான நிலையத்தைத் திறந்தார்கள். இப்போது டர்பனையே தாண்டிப் போக வேண்டும். மாமா இன்னும் "ஏர்போர்ட்தானே, அரை மணி" என்கிறார்.