குழந்தைகளின் ஓவியங்கள்: வரையத் தூண்டுவதும் வீட்டில் பாதுகாப்பதும்

குழந்தை வரையத் தொடங்கிய வீட்டில் இரண்டு கேள்விகள் அடுத்தடுத்து எழுகின்றன. இந்த ஆர்வம் வற்றாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்பது ஒன்று. நாள்தோறும் குவியும் தாள்களை என்ன செய்வது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பெரும்பாலோர் தனித்தனியாகவே அணுகுகிறார்கள். ஆனால் குழந்தை வரைந்ததை நிதானமாகப் பார்த்து, அதைப் பற்றி அது சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டு, அந்தச் சொற்களைத் தாளின் பின்புறம் எழுதி வைக்கும் ஒரே பழக்கம் இரண்டுக்கும் உதவும் என்பதே என் உறுதியான கருத்து. கவனித்துக் கேட்கப்படும் குழந்தை மேலும் வரைகிறது. அதன் சொற்களோடு சேர்த்து வைக்கப்படும் ஓவியம் பல ஆண்டுகள் கழித்தும் பொருளோடு இருக்கிறது.

பார்ப்பதற்கு முதலில், எந்த வயதில் எதை எதிர்பார்க்கலாம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக் கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட் 1947ஆம் ஆண்டிலேயே குழந்தை ஓவியத்தின் வளர்ச்சிப் படிநிலைகளை வகுத்துக் காட்டினார். ஏறத்தாழ 2 வயதில் தொடங்கும் கிறுக்கலில் உருவம் எதுவும் இராது. கை அசைந்தால் தாளில் தடம் விழுகிறது என்ற கண்டுபிடிப்பே அப்போது குழந்தைக்குப் பேரின்பம். 3 அல்லது 4 வயதில் முதல் மனிதன் பிறக்கிறான்: ஒரு வட்டம், அதற்குள் இரண்டு கண்கள், வட்டத்திலிருந்து நேராகத் தொங்கும் இரண்டு கால்கள். உடல் இருக்காது, கைகள் இருந்தால் அவை தலையிலிருந்தே முளைத்திருக்கும். இதைப் பிழை என்று எண்ணி, பெரியவர் பென்சிலை வாங்கி வயிற்றை வரைந்து காட்டுவது வேண்டாம். ஒரு மனிதரை அடையாளம் காண எது இன்றியமையாதது என்று அந்தக் குழந்தை தானாகவே எடுத்த முடிவு அந்த வட்டத்தில் இருக்கிறது. 7 வயதையொட்டித் தாளின் அடியில் தரைக்கோடும் மேல் விளிம்பில் நீல வானப் பட்டையும் தோன்றும். சுவர் இருந்தும் வீட்டுக்குள் இருப்பவர்கள் வெளியே தெரிவார்கள்.

மிகுந்த கவனம் வேண்டுவது 9 வயதுக்குப் பிந்தைய காலத்தில்தான். தான் வரைந்தது உண்மையைப் போல இல்லை என்ற உணர்வு அப்போது எழுகிறது. 'எனக்கு வரைய வராது' என்று சொல்லிப் பல பிள்ளைகள் நிறுத்திவிடுவதும் அந்த வயதில்தான். சின்னக் குழந்தைக்குக் கற்பிக்காமல் இருப்பது எவ்வளவு நல்லதோ, கேட்கும் வயதுப் பிள்ளைக்குக் கற்பிப்பது அவ்வளவு தேவையானது. தூரத்திலிருப்பது ஏன் சிறிதாகத் தெரிகிறது, நிழல் எந்தப் பக்கம் விழும், முகத்தில் கண்கள் ஏறத்தாழ நடுவில்தான் இருக்கின்றன என்பன போன்ற செய்திகளைப் பிள்ளை கேட்கும்போது ஒன்றொன்றாகச் சொல்லிக் கொடுத்தால், கைவிட இருந்த பென்சிலை அது மீண்டும் எடுக்கும். மனிதரையும் விலங்குகளையும் வரையத் தயங்கும் பிள்ளைக்குப் படக்கதை, வரைபடம், கோலவடிவங்கள், படத்தொகுப்பு ஒட்டுதல் ஆகிய வேறு வழிகளையும் காட்டலாம்.

அடுத்தது பேச்சு. 'இது என்ன?' என்ற கேள்வி, படம் எதையாவது போல இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தைச் சுமத்துகிறது. 'இதைப் பற்றிச் சொல்லேன்' என்று கேட்டால் கதை வரும். 'ரொம்ப அழகு' என்று ஒவ்வொரு தாளுக்கும் சொல்வதைவிட, 'இந்த மூலையில் சிவப்பின் மேல் மஞ்சளைத் தேய்த்திருக்கிறாயே' என்று கண்ணில் பட்டதைச் சொல்வது மேல். உண்மையிலேயே பார்த்திருக்கிறோம் என்பதற்கு அதுவே சான்று. பரிசு கொடுத்து வரைய வைப்பதையும் தவிர்க்கலாம். மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வரைவதில் ஏற்கெனவே விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு வரைந்தால் சான்றிதழ் தரப்படும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஓரிரு வாரங்களுக்குப் பிறகு, பரிசை எதிர்பார்த்து வரைந்த அந்தக் குழந்தைகள் மற்றப் பிரிவினரைவிட ஏறத்தாழப் பாதி நேரமே தாமாக வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை.

இடத்துக்கும் பொருளுக்கும் பெரிய ஏற்பாடு தேவையில்லை. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் வெற்றுத் தாள்களும் சில வண்ணங்களும் எப்போதும் இருக்க வேண்டும். கறை படிந்தாலும் துடைத்துவிடக்கூடிய ஒரு மூலை அதற்கென்று இருக்க வேண்டும். 24 நிறப் பெட்டியைவிட சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை ஆகிய நான்கு போஸ்டர் கலர்களே அதிகம் கற்றுத் தரும், ஏனெனில் பச்சையையும் ஊதாவையும் குழந்தை தானே கலந்து உண்டாக்க வேண்டியிருக்கும்.

இனிப் பாதுகாப்பு. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முயன்றால் எதையும் ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியாது. வந்த தாள்களை ஒரு தட்டில் சேர்த்து, சில மாதங்களுக்கு ஒருமுறை குழந்தையோடு உட்கார்ந்து பிரிப்பது நல்லது. அழகானவற்றை மட்டும் எடுக்காமல், முதன்முதலாக ஏதோ ஒன்று நிகழ்ந்த தாள்களை எடுங்கள்: முதல் மூடிய வட்டம், முதல் மனிதன், தானே எழுதிய முதல் பெயர். குழந்தை எது முக்கியம் என்கிறதோ அது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் இருக்கட்டும்.

தேர்ந்தெடுத்த தாளில் உடனே விவரம் எழுதிவிட வேண்டும். வண்ணம் முழுவதும் காய்ந்த பின், சுத்தமான வெள்ளைத் தாளின் மேல் ஓவியத்தைக் கவிழ்த்து வைத்து, பின்புறம் ஓர் ஓரத்தில் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள். பேனா மை நாளடைவில் மறுபக்கம் ஊறித் தெரியக்கூடும். அழுத்தி எழுதினால் முன்பக்கத்தில் மேடு தட்டும். பெயர், நாள், வயது, அதற்குக் கீழே குழந்தை சொன்னது சொன்னபடியே. இலக்கணம் திருத்தக் கூடாது. ரஷ்யாவின் நோவ்கோரோத் நகரில் 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒன்ஃபிம் என்ற சிறுவன் பிர்ச் மரப்பட்டையில் கீறிய படங்கள் 1956இல் அகழ்வாய்வில் கிடைத்தன. அவற்றுள் ஒன்றில் குதிரை மேலிருக்கும் வீரன் எதிரியை ஈட்டியால் குத்துகிறான்; வீரனுக்கு அருகே 'ஒன்ஃபிம்' என்று எழுதியிருக்கிறது. அந்த ஒரு சொல் இருப்பதால்தான் சிறுவன் தன்னையே வீரனாக வரைந்துகொண்டான் என்று நம்மால் படிக்க முடிகிறது.

தாளுக்குப் பகை வெளிச்சம், ஈரம், அமிலம், பூச்சி ஆகியவை. ஸ்கெட்ச் பேனாவின் சாயம் வெளிச்சத்தில் மிக விரைவில் வெளுக்கும். வெளுத்த நிறத்தை மீட்க வழியில்லை. ஆகவே சுவரில் நகலை மாட்டி, மூலத்தை இருட்டில் வைப்பதே சிறந்தது. மூலத்தையே மாட்ட விரும்பினால் நேர் வெயில் படாத சுவரைத் தேர்ந்து, கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி இடையே அட்டைச் சட்டம் வைத்து, சில மாதங்களில் மாற்றிவிடுங்கள். செய்தித்தாள் வகைக் காகிதத்தில் உள்ள லிக்னின் என்ற மரப்பொருள் காலப்போக்கில் அமிலத்தை உண்டாக்கித் தாளை மஞ்சளாக்கி நொறுக்கும். பக்கத்திலுள்ள நல்ல தாளையும் அது கெடுக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவில் அமிலமற்ற தாள் வேண்டும்.

செலோடேப்பை ஓவியத்தின் மேல் ஒட்டவே கூடாது. அதன் பசை பழுப்பாகித் தாளுக்குள் ஊறிவிட்டால் எடுக்க முடியாது. லேமினேஷனும் அப்படித்தான்: பளபளப்பாக இருப்பதால் பலர் விரும்புகிறார்கள், ஆனால் அந்தச் சூட்டில் மெழுகு வண்ணம் உருகிப் பரவும், ஒருமுறை செய்ததைப் பிரிக்கவும் இயலாது. பிவிசி உறைகளைத் தவிர்த்து, பாலிபுரோப்பிலீன் அல்லது பாலியெஸ்டர் உறைகளை வாங்குங்கள். சாக்பீஸ், கரி, பாஸ்டல் ஓவியங்களுக்கு அவையும் ஆகாது; பிளாஸ்டிக்கின் நிலைமின்சாரம் பொடியை இழுத்துக்கொள்ளும். அவற்றுக்கு இடையில் வழவழப்பான பட்டர் பேப்பர் வைத்துப் பெட்டியில் படுக்கையாக அடுக்கலாம். தடிமனாகப் பூசிய வண்ணத்தைச் சுருட்டினால் வெடிக்கும், ஆகவே அதுவும் படுக்கையாகவே இருக்கட்டும். பெட்டியை வெளிச்சுவரை ஒட்டியோ, குளியலறைக்கு அடுத்தோ, மொட்டைமாடி அறையிலோ வைக்காதீர்கள். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் பிடிக்கும், இராமபாணப் பூச்சியும் அத்தகைய இடத்தைத்தான் நாடும்.

தானியம், இலை, மாவுப் பசை ஒட்டிய கைவேலைகள் பூச்சியை அழைத்து வரும். அவற்றையும் சுடாத களிமண் பொம்மைகளையும் பல கோணங்களில் படமெடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை கையில் பிடித்திருக்கும் படமொன்று இருந்தால் அளவும் தெரியும், அந்த வயது முகமும் சேர்ந்து கிடைக்கும்.

தாள்களை ஸ்கேன் செய்ய ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் போதும். ஏ4 தாளுக்கு அது 2480க்கு 3508 பிக்சல் ஆகும். செல்பேசியில் எடுத்தால், வெயில் நேராக விழாத சன்னல் அருகே தாளைத் தரையில் விரித்து, ஃபிளாஷை அணைத்து, நான்கு மூலையும் தெரியும்படி நேர் மேலிருந்து எடுங்கள். பின்புறத்தில் எழுதியதையும் எடுக்க மறக்காதீர்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை இருந்தால் தானாகவே காலவரிசையில் அமையும். செய்திச் செயலிகளில் அனுப்பிய படம் தரம் குறைந்துவிடும் என்பதால் அதை மூலமாகக் கொள்ளக் கூடாது. படங்களை வெளியில் பகிர்வதற்கு முன் பிள்ளையிடம் கேட்பதும் முறை.

கோப்புகளின் ஒரு பிரதி கணினியிலும் இன்னொன்று தனி வன்தட்டிலும் மற்றொன்று வீட்டுக்கு வெளியேயும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை, ஈரமற்ற நாளாகப் பார்த்துப் பெட்டியைத் திறந்து பூச்சியோ பூஞ்சணமோ இருக்கிறதா என்று தாள் தாளாகப் பாருங்கள். அன்றே வன்தட்டையும் பொருத்திக் கோப்புகள் திறக்கின்றனவா என்று சரிபார்த்துவிடுங்கள்.