கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்க முன்னம் கொஞ்சம் தத்துவம்

ஏ.எல்.-க்கு அளவையியல், அதாவது தர்க்கம், எடுத்த பிள்ளைகள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நிறையப் பேர். சோதனை முடிந்த கையோடு கொப்பியை மூடிவிடுவார்கள். தத்துவம் என்றால் கோயில் திருவிழாச் சொற்பொழிவோடு சரி, வயலுக்கும் வேலைக்கும் அதில் ஒன்றும் இல்லை என்பது எங்கட ஆட்களின் எண்ணம். என்னைக் கேட்டால் அது காசு மிச்சம் பிடிக்கிற படிப்பு.

சைவ சித்தாந்தம் ஒன்றை அறிய மூன்று வழி சொல்கிறது: காட்சி, கருதல், உரை. கண்டது, கண்டதை வைத்து ஊகித்தது, நம்பத் தகுந்த வாயால் வந்தது. இப்போது நீங்கள் கடன் எடுத்து மேட்டுக் காணியில் கச்சான் போடப் போகிறீர்கள் என்று வையுங்கள். ஏன் இது சரிவரும் என்று நினைக்கிறீர்களோ, அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாக எழுதி, பக்கத்தில் இந்த மூன்றில் எது என்று குறியுங்கள். கண்டது என்று குறிக்க அநேகமாக ஒன்றிரண்டுதான் மிஞ்சும்.

உரையில் இரண்டு கேள்வி. நியாயம் என்கிற பழைய இந்தியத் தர்க்க மரபில் ஒருவர் சொல்லை ஏற்க, அவருக்கு விஷயம் நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்ததை உள்ளபடி சொல்லும் எண்ணமும் இருக்க வேண்டும். கடன் தர வீடு தேடி வருகிறவருக்கு முதலாவது உண்டு. இரண்டாவது, அவருடைய கொமிஷனைப் பொறுத்தது. ஒபிஸில் “அவர் உங்களைப் பற்றி இப்படிச் சொன்னாராம்” என்று வருகிற கதை முதலாவதிலேயே விழுந்துவிடும். (வீட்டுச் சண்டைக்குள் இதைக் கொண்டுபோகாதீர்கள், அன்றைக்குச் சாப்பாடு கிடையாது.)

கருதலில்தான் கனபேர் சறுக்குவது. புகை இருந்தால் நெருப்பு இருக்கும், சரி. ஆனால் நெருப்பு இருந்தால் புகை இருக்கும் என்று சொல்ல முடியாது, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை ஏது? புகை வர ஈர விறகு என்று இன்னொன்றும் வேண்டும் என்று நியாயக்காரர் காட்டினார்கள். “போன முறை நல்ல விலை போனது, இந்த முறையும் போகும்” என்பதில் அந்த ஈர விறகைத் தேடுங்கள். போன முறை மற்றவர்கள் கச்சான் போடாததால் விலை ஏறியிருக்கலாம். அந்த விலையைப் பார்த்து இந்த முறை ஊரே போட்டால் உங்கள் கணக்கு அங்கேயே உடைகிறது.

வட்டியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். ஒரு லட்சம் ரூபா, மாதம் 2 வீதம், 12 மாதம் என்பார்கள். தவணை 10,333 ரூபா வரும். நீங்கள் மாதா மாதம் முதலைக் குறைத்துக்கொண்டே வர, வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் ஓடுகிறது. குறையும் முதலுக்குக் கணக்குப் பார்த்தால் அது மாதம் 3.5 வீதத்துக்குக் கிட்ட. சொன்னது 2, கருதலில் வந்தது 3.5.

நீங்கள் எழுதிய காரணங்களில் “மழை சரியாகப் பெய்யும்” என்றும் ஒன்று இருக்கும். அதற்கு மூன்றில் எதுவும் முழுதாகப் பொருந்தாது. கார்த்திகையில் வெள்ளமா வறட்சியா என்று இப்போதே தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆகவே அந்தக் காரணம் பிழையாய்ப் போனாலும் தவணை கட்ட முடியுமா என்று மட்டும் பாருங்கள். முடியாது என்றால் கடனைப் பாதியாக்குங்கள், இல்லாவிட்டால் அறுவடைக்குப் பிறகு கட்டும்படி தருவார்களா என்று கையெழுத்துக்கு முன்னம் கேளுங்கள்.