மாத்திரை டப்பாவை மூடிவிட்டு கீரை ஆயுங்கள்

போன தை மாதம் என் அண்ணன் சைதாப்பேட்டை வீட்டுக்கு ஒரு டப்பாவோடு வந்தார். கேரட்டிலும் கீரையிலும் இருக்கும் பீட்டா கரோட்டின் என்ற சத்து, மாத்திரையாக. அண்ணன் முப்பது வருடமாகப் புகைப்பவர். "நுரையீரலைக் காப்பாத்தும்னு கடையில சொன்னாங்க" என்றார். கல்லூரி ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டேன், திருப்பித் தரவில்லை.

காரணம் இதுதான். நாம் இழுக்கும் மூச்சே செல்லுக்குள் சில முரட்டு மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அவை டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினைத் தாக்கினால் அது 8-ஆக்சோகுவானின் என்ற சேதமான வடிவம் ஆகிவிடும். டிஎன்ஏ நகலாகும்போது, எதிரே சைட்டோசின் என்ற எழுத்து வரவேண்டிய இடத்தில் அடினின் என்ற வேறு எழுத்து வந்து உட்காரும். பழுது பார்க்கும் நொதிகள் பெரும்பாலானதைச் சரிசெய்துவிடுகின்றன. தப்பிய பிழைகள் சேரச் சேரப் புற்றுநோய்க்கு வழி. புகை இந்தச் சேதத்தைக் கூட்டுகிறது.

அதைத் தடுக்கும் என்று நம்பி பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் புகைக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம்! ஆனால் சீனாவின் லின்சியன் பகுதியில் அதையே வைட்டமின் ஈ, செலினியத்தோடு கொடுத்தபோது மொத்த மரணம் 9 சதவீதம் குறைந்தது. அங்கே மக்கள் சாப்பாட்டிலேயே சத்து குறைவு. இல்லாதவருக்குக் கொடுப்பது வேறு, இருப்பவருக்கு மேலே கொட்டுவது வேறு.

அதனால் வீட்டில் புகைப்பவர் இருந்தால் பீட்டா கரோட்டின் மாத்திரை வேண்டாம். மருத்துவர் எழுதிக் கொடுத்ததென்றால் அவரிடமே கேளுங்கள்.

சரி, சமையலுக்கு வருவோம். காலையிலேயே மார்க்கெட் போனால் முருங்கைக்கீரை, அரைக்கீரை வாடாமல் கிடைக்கும். முழுசாக அலசிவிட்டு அப்புறம் நறுக்குங்கள். நறுக்கி அலசினால் வைட்டமின் சி தண்ணீரோடு போய்விடும். வெந்த தண்ணீரையும் கொட்டாதீர்கள், ரசத்தில் சேருங்கள். தாளிக்க ஒரு கரண்டி நல்லெண்ணெய் கட்டாயம், கரோட்டின் கொழுப்பில்தான் கரையும். தக்காளியைத் தொக்காக வதக்கினால் அதிலுள்ள லைகோபீன் என்ற சிவப்பு நிறச் சத்தை உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும். நெல்லிக்காய் மட்டும் பச்சையாக, உப்பு தொட்டு. காயும் பழமுமாக நாளுக்கு 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நான் ஒரு வாரம் தராசில் நிறுத்துப் பார்த்தேன், பாதிகூட வரவில்லை. இப்போது மதியம் பொரியல், கூட்டு இரண்டும் உண்டு.

ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக்கூடாது. கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்.

ஆனால் எத்தனை கட்டு கீரை தின்றாலும் புகைக்கு ஈடாகாது. நிறுத்த உதவ 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. பங்குனியில் நானே அந்த எண்ணை அழுத்தி, போனை அண்ணன் கையில் கொடுத்தேன்.