சீனக் கவிதையில் வெண்கலச் சாமான்கள்: வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, ஜன்னலில் இருப்பதும் கண்ணாடி. பழைய சீனக் கவிதைகளைத் தமிழிலோ ஆங்கிலம் வழியாகவோ படிக்கும் நமக்கு முதல் தடுமாற்றம் இங்கேதான் வருகிறது. அந்தக் கவிதைகளில் பெண்கள் முகம் பார்ப்பது வெண்கலத்தில். வட்டமான ஒரு தகடு, ஒரு பக்கம் வழவழவென்று தேய்த்திருக்கும். பின்பக்கம் சித்திர வேலைப்பாடு, நடுவில் துளையிட்ட ஒரு குமிழ், அதில் கோத்த கயிறு. 'ஆடி' என்ற நம் பழைய சொல்லை இதற்கு எடுத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

இதை மனதில் வைக்காமல் படித்தால் என்ன ஆகும்? ஹான் வம்சத்தின் கடைசிக் காலத்தில், கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த சூ கான் என்ற கவிஞர் எழுதிய நாலு வரி இது. கணவன் வெளியூர் போய்விட்ட ஒரு பெண் சொல்கிறாள்:

நீங்கள் புறப்பட்டுப் போனதிலிருந்து
ஒளிவிட்ட ஆடி மங்கிக் கிடக்கிறது, தேய்க்கவில்லை.
உங்கள் நினைப்பு ஓடும் தண்ணீர்,
அது தீரும் நேரம் ஏது?

நம் வீட்டுக் கண்ணாடியை நினைத்துக்கொண்டு படித்தால் 'தூசி படிந்திருக்கிறது போல' என்று கடந்துவிடுவோம். வெண்கலம் அப்படியில்லை. பூஜைச் சாமானைத் தேய்த்த கைக்கு இது தெரியும்: சும்மா வைத்தாலே கறுக்கும். அவள் அலங்கரித்துக்கொண்டு நிற்க வேண்டிய ஆள் ஊரில் இல்லை, அதனால் ஆடியை எடுக்கவில்லை, எடுக்காததால் அது மங்கிவிட்டது. எத்தனை நாளாயிற்று என்று அவள் சொல்லவே வேண்டாம், அந்த மங்கலே கணக்குச் சொல்லிவிடும். இதன் முதல் வரியை அப்படியே எடுத்துக்கொண்டு பல தலைமுறைக் கவிஞர்கள் புதுக் கவிதைகள் எழுதினார்கள். முதலில் பொருளின் புழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், குறியீட்டைத் தேட வேண்டியிருக்காது என்று நான் அடித்துச் சொல்வது இந்த நாலு வரியை வைத்துத்தான்.

ஆடி தேய்ப்பது அங்கே ஒரு தொழில். தாங் வம்சக் காலத்துக் (7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை) கதை ஒன்றில், நியே யின்னியாங் என்ற வீரப்பெண் வாசலுக்கு வந்த ஆடி தேய்க்கும் இளைஞனைப் பார்த்து 'இவரே என் கணவர்' என்று தேர்ந்தெடுக்கிறாள். சான் பௌத்தத்தில் (ஜப்பானில் ஜென் ஆனது இதுதான்) ஷென்சியு என்ற துறவியின் பாடலும் மனதை ஆடியாக்கி, தூசி படியாமல் ஓயாமல் துடைக்கச் சொல்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது கறுக்கும் உலோகம்தான்.

அடுத்த தவறு நிறத்தில். அருங்காட்சியகத்தில் பச்சைக் களிம்பேறிய தகட்டைப் பார்த்துவிட்டு, 'பாவம், இதில் எப்படித்தான் முகம் பார்த்தார்களோ' என்று நினைக்கிறோம். அந்தப் பச்சை நிறம் மண்ணுக்குள் கிடந்ததால் வந்தது. வெள்ளீயம் தாராளமாகச் சேர்த்து வார்த்த வெண்கலம் தேய்த்தால் வெள்ளி போல வெளுக்கும், தெளிவாகவும் காட்டும். கேரளத்தின் ஆறன்முளையில் உலோகத்தில் செய்யும் கண்ணாடியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வட்டமும் வெள்ளை ஒளியும் சேர்ந்ததால்தான் சீனக் கவிஞர்களுக்கு ஆடி என்றால் உடனே நிலா.

உடைந்த ஆடியை அபசகுனமாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. 589இல் சென் அரசு வீழ்ந்தபோது இளவரசி லெசாங்கும் கணவர் சூ தேயானும் ஓர் ஆடியை வேண்டுமென்றே இரண்டாக உடைத்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்டார்கள் என்கிறது ஒரு தாங் காலக் கதை. தை மாதத்தை ஒட்டி வரும் சீன முதல் மாதத்துப் பௌர்ணமியன்று தலைநகரச் சந்தையில் இளவரசி தன் பாதியை விற்க வைப்பது என்று பேச்சு. கணவர் தேடி வந்தார். ஒரு கிழவர் பாதி ஆடிக்கு யானைவிலை சொல்ல, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கணவர் தன் பாதியை எடுத்து வைத்துப் பார்த்தார், பொருந்தியது. இளவரசியோ அப்போது வென்ற தரப்பின் பெரும் பிரபு யாங் சூவின் வீட்டில். 'ஆடி திரும்பிவிட்டது, ஆள் திரும்பவில்லை. நிலாவின் ஒளி மட்டும் மிச்சம்' என்று கவிதை எழுதி அனுப்பினார். அவள் சாப்பாட்டைத் தொடாமல் அழுதாள். விஷயம் தெரிந்த யாங் சூ அவளைக் கணவரிடமே சேர்த்துவிட்டார். பிரிந்த தம்பதி சேர்வதற்கு 'உடைந்த ஆடி மீண்டும் வட்டமானது' என்பது இன்றுவரை சீன மொழியில் வழக்கு.

சரி, 'பொன்'னுக்கு வருவோம். சோங் வம்சக் காலத்துப் (10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை) பெண் கவிஞர் லி சிங்சாவ் நீண்ட பகலின் சலிப்பைப் பாடும்போது, பொன் மிருகத்துக்குள் கற்பூரம் கரைகிறது என்கிறார். பலர் இதைத் தங்கச் சிலை என்று நினைத்து, செல்வச் செழிப்பைக் காட்டுகிறார் என்று எழுதுகிறார்கள். அது மிருக வடிவில் வார்த்த தூபக்கால், உலோகம் செம்பு அல்லது வெண்கலம். சீனத்தின் 'ஜின்' என்ற சொல் தங்கத்தையும் குறிக்கும், பொதுவாக உலோகத்தையும் குறிக்கும். நமக்கு இது புதிதில்லை, ஐம்பொன் என்று நாமே சொல்கிறோமே! சீனத்திலும் 'ஐந்து ஜின்' என்றே ஒரு சொல் உண்டு. அந்த வரியில் கவனிக்க வேண்டியது கரைவதை. கணவன் இல்லாத வீட்டில் பொழுது போவதற்கு அந்தப் புகை ஒன்றுதான் சாட்சி. இன்னொரு கவிதையில் பொன் சிங்கத்துக்குள் தூபம் ஆறிப்போய்க் கிடக்கிறது, அலங்காரப் பெட்டியில் தூசி படிந்திருக்கிறது. சூ கான் கவிதையில் வந்த அதே பெண்தான் இங்கே வேறு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

தூபக்கால் என்றாலே தனிமை என்று முடிவு கட்டவும் கூடாது. மலை வடிவ மூடி போட்ட போஷான் தூபக்காலைப் பற்றி ஒரு பழைய நாட்டுப்பாடலில் பெண் சொல்கிறாள்: 'நீ அகில், நான் போஷான் தூபக்கால்.' அகிலைத் தன்னுள் வைத்து எரியவிடும் கலமாகத் தன்னையே சொல்கிறாள். வெளிப்படையான காதல் பேச்சு இது.

உலோகம் ஒன்று என்பதற்காக மரியாதையும் ஒன்றாக இருக்காது. 643இல் அமைச்சர் வெய் செங் இறந்தபோது, வெண்கலத்தை ஆடியாக்கினால் உடையைச் சரிசெய்யலாம், மனிதரை ஆடியாக்கினால் சரி தவறு தெரியும், அப்படி ஓர் ஆடியை இழந்தேன் என்றார் தாங் பேரரசர் தைசோங். அதே உலோகம் காசானால் நாறும். பின்னைய ஹான் காலத்தில் சுய் லியே என்பவர் 50 லட்சம் காசு கொடுத்து உயர் பதவி வாங்கினார். ஊர் என்ன பேசுகிறது என்று மகனைக் கேட்டதற்கு, 'செப்பு நாற்றம் அடிக்கிறதாம்' என்று பதில் வந்தது.

அப்புறம், காலத்தையும் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டு நாவலான 'செம்மாளிகைக் கனவு'க்குள் பழைய மாதிரி ஆடியும் இருக்கிறது, நம் வகைக் கண்ணாடியும் இருக்கிறது. ஒன்று, பிடியில் எழுத்துச் செதுக்கிய மாய ஆடி. அதன் பின்பக்கம் எலும்புக்கூட்டைக் காட்டும், முன்பக்கம் ஆசைப்பட்ட பெண்ணைக் காட்டும். இன்னொன்று பணக்கார வீட்டின் ஆளுயரக் கண்ணாடி. கிராமத்துக் கிழவி லியு அதற்கு முன்னால் போய் நிற்கிறாள், எதிரே தன் சம்பந்தியம்மா வருவதாக நினைத்துக்கொண்டு. 'தோட்டத்துப் பூவையெல்லாம் தலையில் சொருகிக்கொண்டு வந்திருக்கிறாயே' என்று கேலி செய்கிறாள். சம்பந்தி சிரிக்கிறாள், பதிலே இல்லை. பெரிய வீடுகளில் இப்படி ஒன்று இருக்குமாமே என்று அப்போதுதான் கிழவிக்கு நினைவு வருகிறது. கையை நீட்டித் தொட்டுப் பார்க்கிறாள்.