நீரிலும் நிலத்திலும் வேட்டையாடும் கற்பனை விலங்கு: பல்லைக் கடைசியில் வரையுங்கள்

கொடிய விலங்கு என்றதும் கை தானாகப் பல்லை வரையப் போகும். என் முதல் நோட்டு முழுக்கப் பற்கள்தான், ஒன்றுக்கும் உயிர் இல்லை.

படி 1: இடம்

கரையும் கடலும் இரண்டுமே வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு எங்கிருந்து வந்தது? என் கதை உலகில் இரண்டு நிலவுகள். இரண்டும் சேர்ந்து இழுக்கும் நாளில் கடல் 20 மீட்டர் ஏறி இறங்கும். (பெரிய புளுகு இல்லை. கடல் இப்படி ஏறி இறங்குவதுதான் ஓதம்; கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அது 16 மீட்டர்வரை போகிறது.) காலையில் மீன் திரிந்த இடத்தில் மதியம் நண்டு ஓடும். இரண்டையும் பிடிக்கத் தெரிந்ததுதான் அங்கே பிழைக்கும். அதற்கு 'ஓதவாயன்' என்று பெயர் வைத்தேன். நீளம் 3 மீட்டர்.

படி 2: மூச்சு

ஜப்பானின் ராட்சத சாலமாண்டர் (பல்லி வடிவில் இருக்கும், தவளையின் உறவான விலங்கு) 1.5 மீட்டர்வரை வளர்ந்தும் பெரும்பாலும் தோலாலேயே சுவாசிக்கிறது. அது வாழ்வது குளிர்ந்த ஓடைநீரில், அதில் ஆக்சிஜன் அதிகம். ஓதவாயன் திரியும் வெதுவெதுப்பான சேற்று நீரில் தோல் மூச்சு எடுபடாது. உடல் பெருக்கப் பெருக்க, எடைக்குத் தக்கபடி தோல் பரப்பும் கூடுவதில்லை. ஆகவே ஓதவாயனுக்கு நுரையீரல் கொடுத்தேன். சேற்றில் வழுக்கிப் போக மெல்லிய, செதிலில்லாத தோல்.

படி 3: வாய்

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். தண்ணீரில் வாயைச் சட்டென்று அகலத் திறந்தால் நீரோடு இரையும் உள்ளே வந்துவிடும். காற்றில் இந்த வித்தை பலிக்காது. பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளில் சேற்றில் துள்ளும் மீன்கள், வாய் நிறையத் தண்ணீரோடு கரையேறி, அதையே நாக்குபோல வெளியே தள்ளி இரையைக் கவ்வுகின்றன. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். நண்டைப் பிடிக்குமுன் ஓதவாயனின் வாயோரம் நீர் வழியும். பயமுறுத்த அது போதும்!

படி 4: முகம்

முதலையைப் பாருங்கள்: கண்ணும் மூக்கும் தலையின் உச்சியில், தொண்டையில் நீரைத் தடுக்கும் மடல். இதை மாற்ற எனக்குக் காரணம் தெரியவில்லை. இப்போது பல் வரையலாம். நண்டு ஓட்டை நொறுக்க மழுங்கிய பல்லே போதும்.

படி 5: பலவீனம்

மெல்லிய தோல் வெயில் தாங்காது. உச்சிவெயிலில் மூக்கை மட்டும் வெளியே விட்டுச் சேற்றில் புதைந்துகொள்ளும். அதனால் அந்தக் கரையூர்ப் பெண்கள் நடுப்பகலில் மட்டுமே சிப்பி பொறுக்கப் போவார்கள். மேகம் மூடிய ஒரு நடுப்பகலில் என் கதை தொடங்குகிறது.